பாய்ப்படகின் பூம்: தாங்கும் கயிறும் அடக்கும் கயிறும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் தோட்டத்து நேயர்களுக்குச் சற்றுத் தொலைவானதாகத் தோன்றலாம். பால்மரக் காட்டுக்கும் பாய்ப்படகுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கக்கூடும். உறவு ஜூரோங்கில் இருக்கிறது. தொழிற்சாலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் நிறைந்த ஜூரோங், 1961ஆம் ஆண்டில் தொழிற்பேட்டைப் பணி தொடங்குவதற்கு முன் ரப்பர்த் தோட்டங்களும் இறால் குளங்களும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த இடம். 1963இல் அங்கே கப்பல் பட்டறை வந்தது. 1965இல் துறைமுகம் வந்தது. சிங்கப்பூர்த் தோட்டங்களிலும் ஜொகூர்த் தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர், உளியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போனார்கள். ஜூரோங், துவாஸ் வட்டாரப் பட்டறைகளுக்கு இன்றும் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கப்பலோடு பழகியவனுக்குக் கடல் மீது ஆசை வருவது இயல்பு. அப்படிப்பட்ட இளைஞர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்காக ஐந்து மீட்டர் நீளமுள்ள பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்குச் செய்தி வருகிறது. நீச்சல் தெரியுமா, மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்கும்படி நாங்கள் சொல்வோம்: “தலைக்கு மேலே ஒரு தடி ஆடுமே, அதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?”

அந்தத் தடிக்குப் பெயர் பூம். பாய்மரம் நேராக நிற்கிறது. அதன் அடிப்பக்கத்திலிருந்து படகின் பின்புறம் நோக்கிக் கிடையாக நீளும் தடி பூம். பாயின் கீழ் ஓரம் அதில் கட்டப்பட்டிருக்கும். வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். பாய்மரம் கதவின் நிலை. பாய் கதவு. பூம் கதவின் அடிச்சட்டம். பூம் பாய்மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு கீல் உண்டு. காற்று அடித்தால் கதவு திறப்பதுபோலப் பாய் வெளியே தள்ளப்படுகிறது. ஆனால் வீட்டுக் கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு மூன்று கீல்கள் இருக்கின்றன. ஆகவே அது தொங்குவதுமில்லை, எழும்புவதுமில்லை. பூமுக்கு ஒரே ஒரு கீல்தான். அந்தக் கீலும் எல்லாத் திசையிலும் திரும்பக்கூடியது. அது பக்கவாட்டில் வீசும், கீழே விழும், மேலே எழும்பும். இந்த மூன்றுக்கும் தனித்தனியே பிடிமானம் வேண்டும்.

நம் முன்னோர் ஓட்டிய நாட்டுப் படகுகள் பலவற்றில் பாயின் அடியில் இப்படி ஒரு தடி கிடையாது. பருமல் என்ற சாய்ந்த தடி மேலே இருக்கும். பாயின் கீழ் மூலையை ஒரு கயிறு மட்டும் பிடித்திருக்கும். அந்தக் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். சிங்கப்பூர் ஆற்றில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சொற்கள் வீட்டுச் சொற்கள். இன்றைய படகுக் கடைகளில் தாமானுக்கு ஷீட் என்றும் ஆஞ்சானுக்கு ஹாலியார்டு என்றும் சொல்கிறார்கள். பழைய சொற்களை விட்டுவிட மனமில்லாததால் நாங்கள் இரண்டையும் கலந்தே பேசுவோம்.

ஜூரோங் துறைமுகத்தில் வேலை பார்த்த மூத்தவர்களுக்குப் பூமை விளக்கவே வேண்டியதில்லை. பழைய சரக்குக் கப்பலில் டெரிக் என்ற தூக்குமரம் இருக்கும். அதன் அடி கப்பலின் மரத்தோடு கீலில் பொருந்தியிருக்கும். நுனியை மேலிருந்து ஒரு கம்பிவடம் தாங்கும். இரு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகள் அது பக்கவாட்டில் வீசாமல் காக்கும். அந்த மேல்வடத்துக்கு டாப்பிங் லிஃப்ட் என்று பெயர். பாய்ப்படகில் பூமைத் தாங்கும் கயிற்றுக்கும் அதே பெயர்தான். டெரிக்கின் கீழே நிற்காதே என்று துறைமுகத்தில் எச்சரிப்பார்கள். படகிலோ பூமின் கீழேதான் உட்கார்ந்தாக வேண்டும். வேறு இடம் இல்லை. வேறுபாடு இவ்வளவே.

முதலில் விழுவதைப் பார்ப்போம். பாய் விரிந்து நிற்கும்போது பாயே பூமைத் தூக்கிப் பிடித்திருக்கும். அப்போது தாங்கு கயிற்றுக்கு வேலை இல்லை. பாயை இறக்கவேண்டி ஆஞ்சானைத் தளர்த்தியவுடன் பூமைப் பிடிக்க ஒன்றுமில்லை. மூன்று மீட்டர் அலுமினியக் குழாயும் நனைந்த பாயும் சேர்ந்து பொத்தென்று விழும். கீழே யாருடைய தலையாவது இருக்கும். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கம்பைத் தூக்கிப் பழகியவர்களுக்கு இது தெரியும்: கம்பின் மொத்த எடை சிறிதாக இருந்தாலும், கை அடியில் இருந்து நுனி தொலைவில் இருந்தால், நுனி தரும் அடி பெரிது.

படகு கரையில் இருக்கும்போது மட்டும் பாயை இறக்குவோம், அப்போது ஒருவர் பிடித்துக்கொள்வார், பிறகென்ன என்று சிலர் சொல்வார்கள். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகுக்கு அது சரி. 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காக வரைந்த பெட்டி போன்ற படகு அது, நீளம் 2.3 மீட்டர். பூம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் மேலிருந்து தாங்கும் கயிறு இல்லை, தேவையும் இல்லை. கனடாவின் புரூஸ் கெர்பி வரைந்த லேசர் படகு 4.23 மீட்டர் நீளம்; பாய் 7 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதன் பாய் மரத்தின்மேல் உறைபோல் மாட்டப்படுவது, கடலில் இறக்குவதில்லை. ஆகவே அதிலும் தாங்கு கயிறு கிடையாது. ஆஞ்சான் போட்டு ஏற்றி, கடலிலேயே இறக்கவேண்டிய பாய் உள்ள படகு வந்ததும் கதை மாறுகிறது. நம் இளைஞர்கள் வாங்கிய ஐந்து மீட்டர்ப் படகு அந்த வகையைச் சேர்ந்தது.

ஜூரோங் கடலில் பாயை அவசரமாக இறக்கவேண்டிய நேரம் நிச்சயமாக வரும். அதற்குக் காரணம் சுமத்ரா. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே, சுமத்ராப் பக்கத்திலிருந்தும் மலாக்கா நீரிணையிலிருந்தும் இடியும் மழையுமாக ஒரு காற்று வரிசை கிழக்கே நகர்ந்து வரும். அதற்குப் பெயரே சுமத்ராக் காற்று. மேற்கிலிருந்து வருவதால் துவாசும் ஜூரோங்கும்தான் சிங்கப்பூரில் அதை முதலில் சந்திக்கின்றன. வழக்கமான வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். ஜூரோங்குக்கு அடுத்துள்ள தெங்காவில் 2024 செப்டம்பர் 17ஆம் நாள் 83.2 கிலோமீட்டர் வேகம் பதிவாயிற்று; அன்று தீவெங்கும் மரங்கள் சாய்ந்தன. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25ஆம் நாள் பதிவான வேகம் 144.4 கிலோமீட்டர். ரப்பர்க் காட்டில் மரங்கள் முறிந்து விழும் விடியற்காலைக் காற்றை நீங்கள் அறிவீர்கள். அதே காற்றுதான் கடலில் ஒரு பாயின்மேல் வந்து விழுகிறது.

காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் அதன் தள்ளல் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 7 சதுர மீட்டர்ப் பாயை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் ஏறத்தாழ 13 கிலோ தள்ளல் இருக்கும். ஒரு பெண் குழந்தையைத் தூக்குவதுபோல எளிதாகச் சமாளிக்கலாம். 36 கிலோமீட்டரில் அது 50 கிலோ. 54 கிலோமீட்டரில் 115 கிலோ; நிறைந்த மூட்டை இரண்டு. இவை தோராயக் கணக்குகள். பாயின் வளைவையும் படகு செல்லும் திசையையும் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் ஐந்து நிமிடத்தில் 13 கிலோ 115 கிலோவாக மாறும் கடல் அது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கயிறு வாங்கப் போகவேண்டும்.

தாங்கு கயிற்றுக்கு என்னென்ன வழிகள் உண்டு? மிக எளியது, பாய்மரத்தின் உச்சியிலிருந்து பூமின் நுனிக்கு வரும் ஒற்றைக் கயிறு. ஐந்து மீட்டர்ப் படகுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் பருமனுள்ள பாலியஸ்டர்க் கயிறு போதும். அந்தப் பருமனிலேயே அது சில நூறு கிலோ தாங்கும். இதை நீளம் மாற்றக்கூடியதாக அமைக்கவேண்டும் என்பதே முக்கியம். எப்போதும் இறுக்கமாக இருந்தால் பாயின் உருவம் கெடும். பாய்க்குப் பதிலாகக் கயிறே பூமைத் தூக்கிக்கொண்டிருக்கும். எப்போதும் தளர்ந்தே இருந்தால் தேவைப்படும்போது உதவாது. தொங்கும் கயிறு பாயின் பின் ஓரத்தில் சிக்கிக் கிழிக்கவும் செய்யும். ஆகவே ஓடும்போது சிறிது தளர்வு. இறக்குமுன் ஓர் இழுப்பு. இழுத்துக் கட்டும் முளையை மரத்தின் அடியில், ஆஞ்சான் முளைக்குப் பக்கத்தில் வைத்தால் கை மறக்காது. முதலில் தாங்கு கயிற்றை இழு, பிறகு ஆஞ்சானை விடு. இந்த வரிசை மாறினால் கயிறு இருந்தும் பயனில்லை.

சில பழைய படகுகளில் இதற்குப் பதிலாக, பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பிவடத்தில் ஒரு முழ நீளத் துண்டும் கொக்கியும் தொங்கும். பூமின் நுனியை அந்தக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். படகு கட்டிக்கிடக்கும்போது அது வசதிதான். ஆனால் கொக்கியைக் கழற்ற மறந்து பாயை ஏற்றிவிட்டால் பூம் நடுவிலேயே பூட்டப்பட்டு நிற்கும். காற்று வந்தால் பாயைத் தளர்த்த வழியில்லை, படகு சாயும். படகில் இந்தத் துண்டைக் கண்டால் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் கயிறு போட்டுக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இன்னொரு வழி, கீழிருந்து தள்ளித் தாங்குவது. பாய்மரத்தின் அடியிலிருந்து பூமுக்குச் சாய்வாக ஒரு குழாய்; உள்ளே சுருள்வில் இருக்கும். அல்லது வளைந்து கொடுக்கும் நார்க்கண்ணாடித் தடி இருக்கும். வில் பூமை மேலே தள்ளிக்கொண்டேயிருப்பதால் ஆஞ்சானை விட்டாலும் பூம் விழாது. மறதிக்கு இடமில்லை, உச்சியில் கயிறு இல்லாததால் சிக்கலும் இல்லை. ஆனால் விலை அதிகம். மரத்திலும் பூமிலும் துளையிட்டுத் தகடு பொருத்தவேண்டும். ஆறு ஏழு மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு இது தகும். ஐந்து மீட்டர்ப் பழைய படகில், மாதச் சம்பளக்காரர்கள் சேர்ந்து வாங்கியதில், இதற்குக் கொடுக்கும் பணத்துக்கு நான்கு பேருக்கும் நல்ல மிதவைச் சட்டை வாங்கலாம். கடைக்காரர் வேறு விதமாகச் சொல்வார், சொல்லட்டும்.

பூமின் இரு பக்கமும் வலைபோலக் கயிறு கட்டி, இறங்கும் பாய் அதற்குள் மடிந்து விழச் செய்யும் முறையும் உண்டு. லேசி ஜாக், அதாவது சோம்பேறிக் கயிறு என்று பெயர். சீனரின் ஜங்க் படகில் இதே வேலையைச் செய்யும் கயிறுகள் பாயின் அமைப்பிலேயே இருக்கின்றன. ஆஞ்சானை விட்டால் பாய் விசிறிபோல மடிந்து அந்தத் தொட்டிலில் உட்காரும். பெரிய பாய்க்கு அது அருமையான ஏற்பாடு. சிறு படகில் கயிறுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர அதிகப் பயனில்லை.

இனிப் பக்கவாட்டு வீச்சு. இதை அடக்குவது தாமான். சுக்கான் பிடித்திருப்பவரின் மற்றொரு கையில் இருப்பது இந்தக் கயிறு. தலையில் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. காற்று பின்னாலிருந்து வரும்போது பூம் ஒரு பக்கமாக வெளியே நீண்டிருக்கும். சுக்கான் சற்றுத் தவறினாலோ, காற்றுத் திசை சற்று மாறினாலோ, காற்று பாயின் மறுபுறம் புகுந்து பூமை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் எறியும். கண் சிமிட்டும் நேரம்தான். படகோட்டிகள் இதை ஜைப் என்பார்கள். தெரிந்தே செய்யும்போது முதலில் தாமானைக் கைக்கு இழுத்துப் பூமை நடுவுக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் குனியச் சொல்லி, பிறகு சுக்கானைத் திருப்புவார்கள். தெரியாமல் நேர்ந்தால் மண்டை உடையும். மனிதன் கடலில் விழுவான். புதிதாகப் பயில்கிறவர்களுக்குத் தலைக்கவசம் தருவது இதற்காகவே. பூமின் அடிப்புறத்தில் ரப்பர் நுரைப் பட்டை சுற்றுவதும் நல்லது. நம் தோட்டத்து ரப்பர் அப்படியாவது ஒரு தலையைக் காக்கட்டுமே.

தாமானுக்கு எத்தனை கப்பி வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கிணற்றடியில் தொங்கும் ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது, பளுவைக் குறைப்பதில்லை. கப்பி ஒன்று சுமையோடு சேர்ந்து நகர்ந்தால்தான் பளு குறையும். கயிறு இரண்டு புரியாகச் சுமையைப் பிடித்தால் பாதிப் பளு, நான்கு புரியாகப் பிடித்தால் கால் பளு. அப்படியானால் எட்டுப் புரி போட்டால் சுகம்தானே என்று தோன்றும். கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். நான்கு புரியில் பூமை ஒரு மீட்டர் வெளியே விட நான்கு மீட்டர்க் கயிறு ஓடவேண்டும். எட்டுப் புரியில் எட்டு மீட்டர் ஓடவேண்டும். சுமத்ராக் காற்று வந்து விழும்போது அந்த எட்டு மீட்டரும் எட்டுத் தடவை வளைந்து உராய்ந்து ஓடவேண்டும்; மீதிக் கயிறு காலடியில் சுருண்டு காலைக் கட்டும். ஆகவே 7 சதுர மீட்டர்ப் பாய்க்கு, கயிறு பூமின் நுனியில் கட்டப்பட்டிருந்தால், இரண்டு அல்லது மூன்று புரி போதும். பத்துச் சதுர மீட்டரானால் நான்கு வேண்டும். கயிற்றைப் பூமின் நடுவில் கட்டும் படகும் உண்டு. நுனியில் பிடிப்பதைவிட நடுவில் பிடிக்க இருமடங்கு பலம் தேவை. அங்கே ஒரு படி கூட்டிக்கொள்ளவேண்டும்.

கயிறு வாங்கும்போது வலிமை மட்டும் பார்த்தால் போதாது. 5 மில்லிமீட்டர்க் கயிறு பளுவைத் தாங்கிவிடும். ஆனால் உள்ளங்கையை அறுக்கும். தாமானுக்கு 8 மில்லிமீட்டர் வேண்டும் என்பது கைக்காக, கயிற்றுக்காக அன்று. நைலான் கயிறு இழுத்தால் நீளும். நங்கூரத்துக்கு அந்தக் குணம் நல்லது, இங்கே ஆகாது. பாலிபுரோப்பிலீன் என்ற மலிவுக் கயிறு வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். பாலியஸ்டரே போதுமானது. டைனீமா என்ற புதிய இழை எஃகுக்கு நிகரான பலமுடையது. ஆனால் வழுக்கும், முடிச்சு எளிதில் நழுவும், விலையும் மிகுதி.

தாமானைப் பற்களுள்ள பூட்டில் கவ்வவிட்டுக் கையை ஓய்வெடுக்கவிடும் வசதி பல படகுகளில் உண்டு. வலிய காற்றில் படகு கவிழ்வதற்கு இது ஒரு பெரிய காரணம். பூட்டு இருக்கலாம், ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் கழலவேண்டும். படகு சாய்ந்து நிற்கும் நிலையிலும் கழலவேண்டும். வாங்குமுன் கரையிலேயே ஒருவர் கயிற்றின் மறுமுனையில் தொங்க, மற்றவர் சுண்டிப் பார்க்கட்டும். கழலாவிட்டால் அந்தப் பூட்டு வேண்டாம். சிறுபிள்ளைகள் ஓட்டும் படகில் பூட்டே வேண்டாம், கையில் பிடித்திருக்கட்டும். காற்று மிகுந்தால் கை தானே விட்டுவிடும். கயிற்றின் கடைசி முனையில் ஓர் எட்டு முடிச்சுப் போட்டால் கப்பியை விட்டு முழுவதும் ஓடிவிடாது.

மூன்றாவதாக, எழும்புவது. இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. பூம் வெளியே நீண்டிருக்கும்போது தாமான் அதைக் கீழே இழுக்காது, பக்கவாட்டில்தான் இழுக்கும். காற்று பாயை உப்பச் செய்யும். பூமின் நுனி மேலே எழும்பும். பாயின் மேல்பாதி முறுக்கிக்கொண்டு படகை இப்புறமும் அப்புறமும் உருட்டும். இதைத் தடுக்கப் பாய்மரத்தின் அடியிலிருந்து பூமுக்குச் சாய்வாக ஒரு கயிறு கட்டிக் கீழே அமுக்குவார்கள். கடையில் வேங் என்று கேட்டால் கொடுப்பார்கள். நாம் அமுக்குக் கயிறு என்போம்.

பாலைச் சுமந்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் விளங்கும். காண்டாக் கம்பில் வாளியைத் தோளுக்கு அருகே மாட்டினால் கம்பின் மறுமுனையைச் சுண்டுவிரலால் அழுத்திவிடலாம். வாளியை நுனிக்குத் தள்ளினால் இரு கையாலும் அழுத்தவேண்டும். அமுக்குக் கயிறு எப்போதும் தோளுக்கு அருகே இருந்துகொண்டு நுனியை அடக்கவேண்டிய நிலையில் இருக்கிறது. பூமின் நீளம் 2.8 மீட்டர், கயிறு கட்டிய இடம் மரத்திலிருந்து 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நுனியில் 20 கிலோ மேலே தூக்கினால், கயிறு கட்டிய இடத்தில் நேர் கீழாக 80 கிலோ இழுக்கவேண்டும். கயிறோ சாய்வாகப் போகிறது. 45 பாகைச் சாய்வில் அதன்மேல் விழும் பளு 113 கிலோ. நான்கு புரிக் கப்பி போட்டாலும் கைக்கு 28 கிலோ வருகிறது. உராய்வையும் சேர்த்தால் 30க்கு மேல். தாமானுக்கு இரண்டு மூன்று புரி போதும் என்றோம். அமுக்குக் கயிற்றுக்கு நான்குக்குக் குறையக்கூடாது, ஆறு இருந்தால் நல்லது. இது நாள் முழுதும் ஓடும் கயிறு அன்று. ஆகவே நீளம் தொல்லை தராது.

அதே சாய்வு இன்னொன்றும் செய்கிறது. அந்த 113 கிலோவில் 80 கிலோ பூமை மரத்தின்மேல் கொண்டுபோய் முட்டுகிறது. பழைய படகுகளில் கீல் உடைவதற்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் இங்கே வந்து நிற்கும். வாங்கப்போகும் படகில் முதலில் பார்க்கவேண்டியதும் அந்தக் கீலைத்தான். கீலின் ஊசியைக் கழற்றிப் பாருங்கள்; நடுவில் தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றுங்கள். அலுமினியக் குழாயில் எவர்சில்வர் ஆணி அடித்த இடங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீர் பட்டால் இந்த இரண்டு உலோகங்களில் அலுமினியம்தான் அரிக்கப்படும். பொடியைச் சுரண்டினால் ஆணி ஆடும். மேலே புதுப் பெயின்ட் பூசியிருந்தால் கூடுதல் ஐயத்தோடு பாருங்கள்.

சுமத்ராக் காற்றில் அமுக்குக் கயிற்றை என்ன செய்வது? தாமானோடு சேர்த்து இதையும் தளர்த்தவேண்டும். படகு சாய்ந்து பூமின் நுனி நீரைத் தொட்டுவிட்டால் தாமானை எவ்வளவு விட்டாலும் பூம் வெளியே போகாது. நீர் அதைத் தடுத்துவிடும். அமுக்குக் கயிறு தளர்ந்திருந்தால் பூம் மேலே எழுந்து நீரை விட்டு விலகும். ஆகவே இதன் பூட்டும் சுக்கான்காரரின் கைக்கு எட்டவேண்டும். மரத்தடியில் மட்டும் வைத்துவிட்டு, கவிழும் படகில் ஒருவரை முன்னே தவழ்ந்துபோகச் சொல்லமுடியாது.

பூம் தானாக வீசாமல் முன்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு ஒன்றும் நீண்ட பயணத்துப் படகுகளில் உண்டு. ஜூரோங் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு அது வேண்டியதில்லை. அங்கே பெரிய கப்பல்கள் ஓயாமல் போகின்றன. குறுகிய கப்பல் வழியில் சிறு பாய்ப்படகு பெரிய கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பது 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் விதி. ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கி 2000இல் திறக்கப்பட்ட ஜூரோங் தீவு, அனுமதியின்றி நெருங்கக்கூடாத இடம். அடிக்கடி திரும்பவேண்டிய கடலில் பூமை ஒரு பக்கமாகக் கட்டிப்போடுவது காலைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஒப்பாகும்.

கடைசியாகப் படகு ஓய்ந்து கிடக்கும் நேரத்தைப் பற்றி. 1826இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைக் கூறும் சிங்கப்பூர்ப் படகுச் சங்கம், பல ஆண்டுகள் ஜூரோங்கின் ஜாலான் பூரோ பக்கத்தில் இருந்து, 1990களின் இறுதியில் வெஸ்ட் கோஸ்ட் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. அந்தக் கரையோரத்தில் கட்டிக்கிடக்கும் எந்தப் படகும் அசையாமல் கிடப்பதில்லை. இழுவைப் படகுகள் எழுப்பும் அலை நாள் முழுதும் ஆட்டும். தாங்கு கயிற்றில் மட்டும் பூமைத் தொங்கவிட்டுப் போனால், அது ஊஞ்சலாடி, மரத்தின் உச்சியில் கயிற்றைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். அதற்கு ஒரு கவைக்கம்பு போதும். இரண்டு பலகைகளைக் கத்தரிக்கோல்போலக் குறுக்கே இணைத்துப் படகின் பின்புறத்தில் நிறுத்தி, கவையில் பூமை உட்காரவைத்து, தாமானைக் கீழே இழுத்துக் கட்டினால் அசையாது. கவையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் பூமும் தேயாது. ரப்பர்க் கட்டையில் வேண்டாம். நனைந்து காய்ந்தால் பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்கும். செங்கால் போன்ற கனத்த மரத்துண்டு பட்டறையில் கிடைத்தால் நல்லது.

ஞாயிறு மாலை எல்லாக் கப்பிகளையும் கீலையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். மாதத்தில் ஒரு நாள் தாங்கு கயிற்றை இறக்கி, உச்சிக் கப்பியில் கிடந்த பகுதியை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். பஞ்சுபோலப் பொங்கியிருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். கயிற்றை வாங்கும்போதே ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கினால், ஆண்டுக்கு ஒரு முறை முனையில் ஒரு முழம் வெட்டிவிட்டுக் கட்டலாம். தேயும் இடம் மாறிக்கொண்டே வரும், ஒரே கயிறு பல ஆண்டு உழைக்கும்.